படலம்

இரண்டு உலோகங்களை எவ்வளவு வழவழப்பாகத் தேய்த்து ஒன்றின்மேல் ஒன்று வைத்தாலும் அவை முழுதாகத் தொட்டுக்கொள்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் இருக்கும். பள்ளங்களில் காற்று இருக்கும். காற்று சூட்டைச் சரியாகக் கடத்தாது. அந்த இடத்தை நிரப்பத்தான் பேஸ்ட். கணினியின் பிராசசருக்கும் அதன் தலைமேல் உட்கார்ந்து சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் துவரம்பருப்பு அளவு வைத்தால் போதும். அதிகம் வைத்தால் பேஸ்டே தடையாகிவிடும். காய்ந்துபோனால் துடைத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். என் வேலை அதுதான்.

இன்ஜினியரிங் படித்தவன் செய்கிற வேலையா இது என்று என் மாமனார் ஒருமுறை கேட்டார். பூரணி போன பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில், ஒதுக்கீட்டு மையத்தின் கணினி அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று எங்கள் தலைமை அலுவலகத்துக்குத் தகவல் வந்தது. மையத்தில் இருப்பவர்கள் புகார் செய்யவில்லை. கணினியே அனுப்பியிருந்தது. மேலாளர் என்னைப் போகச் சொன்னார். அந்த ஊருக்கு வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார். பஸ் ஏறினேன்.

ஈரல் கெட்டவர்களின் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப உடம்புக்குள் அனுப்பும் கட்டில்கள், சுற்றியுள்ள மாவட்டங்களுக்கெல்லாம் சேர்த்து அந்த ஊரில்தான் இருந்தன. ஈரல் கட்டில் என்பார்கள். கட்டில் குறைவு, ஆள் அதிகம். யாருக்குக் கட்டில் என்று டாக்டர்கள் முடிவு செய்த காலத்தில் சிபாரிசு வந்தது, பிறகு அடிதடி வந்தது. கடைசியில் கணினியிடம் விட்டுவிட்டார்கள். கணினிக்கு மாமன் மச்சான் கிடையாது.

மையத்துக்கு எதிரே டீக்கடை. மோர் வாங்கிக்கொண்டு நிழலில் நின்றேன். பெஞ்சில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

"யாருக்குங்க?" என்றார்.

"யாருக்கும் இல்லை."

"யாருக்கும் இல்லாம இந்த ஊருக்கு எவனுங்க வருவான்? கூச்சப்படாதீங்க. எம் பேரு பொன்னுரங்கம். ராசிபுரம். லாரி ஓட்டறேன். எனக்குச் சம்சாரம். தேன்மொழி. கல்யாணத்துல பூசுனப்பகூட அவளுக்கு அத்தனை மஞ்சள் ஒட்டலை. இப்ப ஒட்டியிருக்குது."

அவர் சொன்னதற்கு அவரே சிரித்தார். பிறகு கடைக்காரரைப் பார்த்து, "மாமியார் இன்னிக்கு எப்பிடிங்க?" என்றார்.

"ஏறிட்டிருக்கு. மத்தியானம் கொதிச்சிரும்."

"வாயில சக்கரை போடோணும் உனக்கு."

நான் யார் மாமியார் என்று கேட்டேன்.

"அட, வந்ததே இன்னிக்குத்தானா? உள்ள இருக்குதுல்லீங்க, கட்டில் குடுக்கற பெட்டி. அதுதான் மாமியார். யாரைக் கொண்டுபோய் நிறுத்துனாலும் குத்தம் கண்டுபிடிக்கும். உனக்குச் சக்கரை எப்ப வந்துச்சு, உங்கப்பன் எதுல செத்தான், போன வருசம் மாத்திரையை ஒழுங்கா தின்னியா, எல்லாம் நோண்டும். நோண்டிப்போட்டு, இவ தேற மாட்டா, கூட்டிட்டுப் போங்கும். ஆனா ஒண்ணு. மத்த மாமியாரெல்லாம் சூடானா திட்டுவாங்க. இந்த மாமியார் சூடானாத்தான் மனசு எளகும்."

"எப்படி?"

"சூட்டுல அதுக்குக் கிறுகிறுன்னு வருமாம். ரொம்ப ரோசனை பண்ண முடியாது. பழசை நோண்டாது. இப்ப இந்த நிமிசத்துல யாரு ரொம்ப மோசமாக் கெடக்கறாங்க, அவ்வளவுதான் பாக்கும். அப்பிடிப் பாத்தா எந் தேனைவிட மோசமா இங்க யாருமில்லீங்க."

கடைசி வாக்கியத்தை மெடல் வாங்கியவர்போலச் சொன்னார்.

"பொழைக்கற கேசுன்னா வெடியால, சில்லுன்னு இருக்கறப்பப் போடோணும். பொழைக்காத கேசுன்னா உச்சி வெயில்ல. இங்க நாலு நாள் கெடந்தா எல்லாருக்கும் தெரிஞ்சு போயிருமுங்க."

அவர் சொன்ன முறை வேறு. விஷயம் சரி. பிராசசர் ஓர் அளவுக்கு மேல் சூடானால் எரிந்துபோகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பதிலை இத்தனை நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும் என்று மேலே ஒரு விதி இருந்தால், வேகம் குறைந்த கணினி எல்லாவற்றையும் படிக்காது. மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லும். கட்டில் கிடைத்தால் இவர் பிழைப்பாரா என்பது ஆழமான கணக்கு. யார் இப்போது மோசம் என்பது சுலபமான கணக்கு.

நான் மோரைக் கீழே வைத்தேன்.

பூரணியின் மனுவுக்குப் பதில் வந்தது இதே மையத்தில்தான். இதே மாதம். மத்தியானம். வெயில் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அவள் தன் அக்கா வீட்டில் இருந்தாள். விடிகாலையில் மின்வெட்டு. இருட்டில் கைக்கு அகப்பட்ட டியூபைப் பிதுக்கிப் பல் தேய்த்தாள். அது எலி பேஸ்ட். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் பேஸ்ட் என்றுதான் பெயர். உடனே துப்பிவிட்டாள், சிரித்தாள்கூட. ஈரல் இரண்டு நாள் கழித்துத்தான் போகத் தொடங்கியது. உள்ளூர் டாக்டர், வயசு சின்னது, கட்டில் கிடைத்தால் வாய்ப்பு உண்டு என்றார். கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் உப்பு வைத்துத்தான் பல் தேய்க்கிறேன்.

ஆக அன்றும் மாமியார் சூடாக இருந்திருக்க வேண்டும். பிழைக்கக்கூடியவளைத் தள்ளிவிட்டுப் பிழைக்காத யாருக்கோ கொடுத்திருக்க வேண்டும். இவ்வளவு நாளும் எனக்குக் காரணம் என்று ஒன்று இல்லை. இப்போது, ஒரு டம்ளர் மோர் குடித்து முடிப்பதற்குள், இருந்தது. கோபம் வருமா என்று பார்த்தேன். வரவில்லை. ஆனால் வருவதற்கு இடம் இருந்தது.

"நீங்க என்ன பண்றீங்க தம்பி?" என்றார் பொன்னுரங்கம்.

"மெக்கானிக். அந்தப் பெட்டியைச் சரிபண்ணத்தான் வந்தேன்."

"சரின்னா?"

"சூடு குறையும்."

கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தினார். பொன்னுரங்கம் என் பையைப் பார்த்தார். பிறகு வெயிலைப் பார்த்தார்.

"அவசரம் ஒண்ணுமில்லீங்களே? சாப்பிட்டுட்டுப் போங்க. அந்தத் திருப்பத்துல பிரியாணி நல்லாருக்கும். நான் கூட்டிட்டுப் போறேன். ஆற அமரச் சாப்பிடுங்க. மூணு மணிக்கு மேல வேலையை வெச்சுக்கலாம்."

"பசியில்லை."

"தம்பி," என்றார். அவர் கை என் பையின் வாரைப் பிடித்திருந்தது. நான் எழுந்ததும் விட்டுவிட்டார்.

மையத்தின் வாசல்படியில் வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஓர் அம்மா பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் பையில் இருந்த நிறுவனப் பெயரை உதடு அசைத்துப் படித்தார்.

"மிசினு ரிப்பேர் பண்ண வந்தவரா நீங்க? சீக்கிரம் முடிஞ்சிருமா தம்பி? காலையிலேயே சொல்லிருவாங்கன்னாங்க. உங்களுக்காக நிறுத்தி வெச்சிருக்காங்களாம்."

"யாருக்கு?"

"மகளுக்கு. ஷாகிரா. பள்ளப்பட்டி நாங்க. நர்சிங் படிக்கிறா. ஆஸ்பத்திரியில நிக்க வேண்டிய புள்ள தம்பி, படுக்க வேண்டிய புள்ள இல்ல." பிளாஸ்க்கைத் திறக்கப் போனார். "டீ குடிக்கிறீங்களா?"

வேண்டாம் என்றேன். அவர் உட்கார்ந்திருந்த படியில்தான் அன்று நான் உட்கார்ந்திருந்தேன். எதைத் தின்றாள் என்று டாக்டர் கேட்டிருந்தார். டியூபை அக்கா எடுத்துவந்தாள். நான் பூரணியின் பிரஷ்ஷை எடுத்துவந்தேன். அது யாருக்கும் தேவைப்படவில்லை.

கணினி அறையில் ஏசி இருந்தது. அரசு அலுவலகங்களில் இருப்பதுபோல இருந்தது. ஜன்னலுக்கு வெளியே தகரக்கூரை வெள்ளையாக மின்னியது. அறைக்குப் பொறுப்பானவர் ஐம்பதைத் தாண்டிய பெண், அமலோற்பவம் என்று மேசைப் பலகை சொன்னது. எம்.எஸ்ஸி. என்றும் சொன்னது. கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதில் சின்னச் சிலுவை. மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிவைத்திருந்தார், கணினிப் பக்கம் அல்ல.

"நீங்க வர்றதுக்குள்ள மதியச் சுற்றைப் போட்டுடலாம்னு பாத்தேன் தம்பி. மேலேருந்து சர்வீஸ்னு பூட்டிட்டாங்க."

"பிறகு போடலாமே மேடம்."

"பிறகு நான் போட முடியாது. சர்வீஸ் முடிஞ்ச உடனே காத்திட்டிருக்கிற மனுவை அதுவே எடுத்துக்கும். ஒரு கட்டில் காலியா இருக்கு. ரெண்டு பேர்."

"தெரியும். ரெண்டு பேரோட வீட்டு ஆளுங்களையும் வெளியே பார்த்தேன்."

என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். நான் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டேன். பூரணிக்காக இங்கே வந்த அன்று எனக்குத் தாடி கிடையாது.

கணினியை அணைத்து, மூடியைக் கழற்றினேன். விசிறியில் பஞ்சுபோலத் தூசி. ஊதினேன். ஹீட் சிங்க்கின் திருகுகளை எதிரெதிர் மூலையாகத் தளர்த்தினேன். காய்ந்த பேஸ்ட் இருந்தால் ஹீட் சிங்க் சுலபத்தில் வராது. லேசாகத் திருகி எடுக்க வேண்டும். இது ஒரே இழுப்பில் வந்தது.

திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருந்தது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது கீறல் விழாமல் இருக்க ஒட்டியிருப்பார்கள். பொருத்துவதற்கு முன் உரிக்கவும் என்று அதிலேயே சிவப்பில் அச்சடித்திருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் உரிக்க மறந்துவிடுவார்கள். அதை வைத்து நாங்கள் அவர்களைப் பல மாதம் கேலி செய்வோம். படலத்துக்கு மேலே பேஸ்ட் வைத்தால் சட்டைக்கு மேலே சோப்புப் போட்ட கதைதான்.

"யாரோ உரிக்க மறந்துட்டாங்க," என்றேன்.

மறுபடி பார்த்தேன். படலத்தின் ஒரு மூலை மடிந்திருந்தது. அந்த மடிப்புக்குள் பழைய பேஸ்ட்டின் கறை. ஒருமுறை உரித்து, மறுபடி ஒட்டியிருந்தார்கள்.

"மறக்கலை," என்றேன்.

"இல்ல."

"யார்?"

"போன மெக்கானிக். நான் சொல்லித்தான். அவனைத் திட்டாதீங்க. நான் கெஞ்சினேன், செஞ்சான்." நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "குளிர் நேரத்துல வேலை செய்யும். வெயில் நேரத்துல தடுமாறும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. காலையில பொழைக்கிறவங்க மனுவைப் போடுவேன். வெயில் ஏறினதும் மத்தவங்களுது. ரெண்டு பேருக்கும் ஒரு வழி."

"இன்னைக்குக் கட்டில் ஒண்ணுதான்."

"ஒண்ணுதான்."

"காலையில போட்டிருந்தா ஷாகிராவுக்குப் போயிருக்கும்."

"அந்தப் புள்ளைக்கு நாளைக்கும் உடம்பு தாங்கும். நாளைக்கு ஒண்ணு காலியாகும்."

"ஆகலைன்னா?"

மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார்.

"தேன்மொழி என்ன ஆவாங்க, கட்டில் கிடைச்சா?" என்று கேட்டேன்.

"கொஞ்ச நாள் இருப்பா."

"கட்டில் கிடைக்காம ஷாகிரா காத்துட்டே போயிட்டா?"

"தம்பி, இதெல்லாம் நான் யோசிக்காம இருப்பேன்னு நினைக்கிறீங்களா?"

"அப்ப மாமியார் முடிவு பண்றதில்லை. எந்த நேரத்துல பொத்தானை அழுத்தறதுங்கிறதுல நீங்கதான் முடிவு பண்றீங்க."

"ஆமா, நான்தான்." கோபமாக இல்லை. "ஒரு மனுஷியும் இருக்கட்டுமே நடுவுல."

எனக்கு அவரிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. டீக்கடையிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். அந்த வருஷம், அந்த மத்தியானம், பூரணி என்று ஒரு பெண்ணின் கட்டிலை யாருக்குக் கொடுத்தீர்கள். வாய் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"ஏன் இப்படிச் செஞ்சேன்னு கேக்கலையே நீங்க. பெட்டி புதுசா வந்த வருஷம் ஒரு கேஸ். எலி பேஸ்ட். தற்கொலை இல்ல, பல்லு தேய்க்கிறப்ப மாறிப்போச்சு. யாரும் நம்பல. புருஷன்காரன் சின்னப்பையன். மே மாசம். அப்ப ஏசி புதுசு, பேஸ்ட் புதுசு, எல்லாம் புதுசு. வெளியில கொளுத்துது, உள்ள நான் சால்வை போத்திட்டு உக்காந்திருந்தேன். பெட்டி ஒண்ணையும் விடாமப் படிச்சுது. படிச்சுட்டு, அந்தப் பொண்ணு தேறாதுன்னு சொல்லிடுச்சு. ஒரு வாத்தியாருக்குக் குடுத்துடுச்சு."

"தேறியிருக்க மாட்டாங்களா?"

"மாட்டா. பெரிய டாக்டர் அப்புறமா பாத்துட்டுச் சொன்னார், வரும்போதே முடிஞ்சிருந்துச்சுன்னு. வாத்தியார் இன்னும் நல்லாருக்கார். பொங்கலுக்குக் கரும்பு கொண்டாந்து குடுக்கிறார். பெட்டி சொன்னது நூத்துக்கு நூறு சரி."

"பிறகு?"

"நான்தான் வெளியில போய் அந்தப் பையன்கிட்டச் சொன்னேன், இல்லன்னு. படியில உக்காந்திருந்தான். கையில ஒரு பிரஷ். பல்லு தேய்க்கிற பிரஷ், தம்பி. சரிங்கன்னு சொன்னான். அவ்வளவுதான். அழலை, கத்தலை, ஏன்னு கேக்கலை. சரிங்க. நான் எத்தனையோ சாவு பாத்திருக்கேன். சரியான பதில் சொல்லிட்டு வந்து என்னால அன்னைக்குச் சோறு திங்க முடியலை. அதுக்கப்புறம்தான் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்."

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து, பிராசசரின் மேற்பரப்பைத் துடைத்தேன். பஞ்சு வைத்துத் துடைக்கக் கூடாது, இழை ஒட்டும். வட்டமாகத் துடைக்காமல் ஒரே திசையில் துடைக்க வேண்டும். கண்ணாடிபோல ஆயிற்று. கவசம் போட்ட ஒரு முகம் அதில் தெரிந்தது.

ஆக, மாமியார் அன்று சில்லென்று இருந்திருக்கிறது. டீக்கடையில் கிடைத்த காரணம் ஒரு மணி நேரம்கூட என்னிடம் இருக்கவில்லை.

"அப்படியே மாட்டிடுங்க தம்பி," என்றார் அமலோற்பவம். "கதவைத் திறந்து வெச்சு, ஐஸ் வேணும்னா வாங்கிட்டு வரச் சொல்றேன், சூடு இறங்கினதும் அந்த அளவை எடுத்து உங்க ஆபீசுக்கு அனுப்பிடுங்க. போனவன் அப்படித்தான் செஞ்சான். ஐஸ் கரைஞ்சதும் பழையபடி ஆயிடும்."

செய்யலாம். சுலபம். யாருக்கும் தெரியாது.

படலத்தின் மடிந்த மூலையில் நகத்தை வைத்தேன்.

நான் யோசித்தது இவ்வளவுதான். இதை விட்டுவைத்தால், அன்று பூரணிக்கு வந்த பதிலில் ஏதோ தப்பு இருந்தது, இப்போது சரிசெய்கிறோம் என்று ஆகும். தப்பு இருந்தது என்றால் அவள் இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம் என்பதை என்னால் தூக்க முடியாது. அந்தப் பதில் சரி. சரியாக இருந்தே ஆக வேண்டும். அது சரி என்றால் இன்றைக்கும் அதுவே.

இதில் ஷாகிரா எங்கே இருந்தாள் என்று பிறகு யோசித்தேன். அப்போது அவள் இல்லை. வெளியே படியில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்த அம்மாகூட இல்லை.

உரித்தேன்.

அமலோற்பவம் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். என் கையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஹீட் சிங்க்கின் அடிப்பக்கத்தைத் துடைத்தேன். பிராசசரின் நடுவில் துவரம்பருப்பு அளவு பேஸ்ட். விரலால் பரப்பக் கூடாது. நேராக வைத்து அழுத்தினால் தானாகப் பரவும். திருகுகளை எதிரெதிர் மூலையாக முடுக்கினேன். கணினியை இயக்கினேன். திரையில் சூட்டின் அளவு ஏறியது, நின்றது, இறங்கியது. வெளியே தகரக்கூரை கொதித்துக்கொண்டிருந்தது.

இரண்டு மனுக்களையும் அது எடுத்துக்கொண்டது. படித்தது. ஒரு வருஷத்து மாத்திரை, அப்பாவின் வியாதி, எல்லாவற்றையும் படித்திருக்கும். அதிக நேரம் ஆகவில்லை.

அமலோற்பவம் திரும்பித் திரையைப் பார்த்தார்.

"ஷாகிரா," என்றார்.

பிறகு, "இன்னைக்கு நான் போய்ச் சொல்ல மாட்டேன் தம்பி," என்றார்.

"நான் சொல்றேன்."

"நீங்க எதுக்கு?"

பையை எடுத்துக்கொண்டேன். படலத்தைக் குப்பையில் போடக் கூடை தேடினேன். கண்ணில் படவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வாசலில் அந்த அம்மாவிடம் உள்ளே போகச் சொன்னேன். "கிடைச்சிருச்சா?" என்றார். தலையாட்டினேன். துப்பட்டியை வாயில் வைத்துக்கொண்டு, "அல்லா," என்றார். அப்போதுதான் சற்றுத் தள்ளிச் சுவரோரம் நின்ற பொன்னுரங்கத்தைப் பார்த்தார். இருந்தது ஒரே கட்டில் என்று அவருக்கும் தெரியும். பிளாஸ்க்கைப் படியிலேயே விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே போனார்.

பொன்னுரங்கம் என்னிடம் வந்தார்.

"வெயில் நல்லாத்தானுங்க அடிச்சுது," என்றார். எனக்கு ஆறுதல் சொல்வதுபோல இருந்தது. "மாமியார் சூடாகலையா?"

"சூடாத்தான் இருந்துது. நான்தான் ஆற வெச்சேன்."

"அது உங்க வேலைங்க. மேல இருந்து அனுப்புனா நீங்க என்ன பண்ணுவீங்க."

அவர் என்னை விட்டுவிடப் பார்த்தார். நல்ல மனிதர். இன்னும் ஒரு நிமிஷத்தில் சரிங்க என்று சொல்லிவிடுவார். சொல்லிவிட்டுப் படியில் உட்காருவார். எனக்கு அது தெரியும்.

"இல்லை," என்றேன். "செய்யாம விட்டிருக்கலாம். உள்ள இருக்கிற அம்மா விடச் சொன்னாங்க. யாருக்கும் தெரிஞ்சிருக்காது. உங்க சம்சாரத்துக்குத்தான் கட்டில் போயிருக்கும். தெரிஞ்சேதான் செஞ்சேன்."

புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் முகத்தில் இருந்த மரியாதை போனது.

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான்."

"எதுக்குடா?"

முகக்கவசத்தைக் கழற்றினேன். நின்றேன்.

"உம் பேரென்ன?"

"நிமலன்."

"அப்பன் பேரு?"

"சிவசங்கரன்."

தரையைப் பார்த்தார். மண்ணை வாரித் தூற்றத்தான். முழுக்கச் சிமென்ட். சுற்றிப் பார்த்தார். சுவரில் தீயணைக்க வைத்திருந்த சிவப்பு வாளிகள் தொங்கின. ஒன்றில் மணல். பீடித் துண்டுகளோடு சேர்த்து இரண்டு கையிலும் அள்ளினார்.

"சிவசங்கரன் மவன் நிமலா," என்றார். தெருவில் போனவர்கள் நின்றார்கள். டீக்கடைக்காரர் வெளியே வந்தார். "எம் பொண்டாட்டி கெடந்து சாகற மாதிரி உம் பொண்டாட்டியும் சாவா. இதே படியில நீ உக்காருவ. கேக்க நாதியில்லாம உக்காருவ. அன்னிக்கு என்னை நெனைப்படா."

முடிக்கட்டும் என்று இருந்தேன். அவள் ஏற்கனவே செத்துப்போய்விட்டாள் என்று சொல்லியிருந்தால் அவர் கை தாழ்ந்திருக்கும். சொல்லவில்லை.

மணல் முகத்தில் விழுந்தது. தலையில், வாயில், சட்டைக் காலருக்குள். இன்னொரு முறை அள்ளி வீசினார். பிறகு வாளியைப் பிடித்துக்கொண்டே கீழே சரிந்து உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார். அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. தேனு, தேனு என்றார். டீக்கடைக்காரர் ஓடிவந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "போயிரு தம்பி. இங்க நிக்காத. போ," என்றார்.

போனேன்.

பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, "என்ன சார், தலையெல்லாம் மண்ணு?" என்றார்.

"தெரியும்."

"தட்டிவிடுங்க சார், பக்கத்துல ஆள் உக்காரணும்ல."

தட்டினேன். பாதிதான் போனது. சட்டைப் பையில் படலம் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். சிவப்பு எழுத்து இன்னும் அழியவில்லை. பொருத்துவதற்கு முன் உரிக்கவும். ஜன்னல் வழியாகப் போடலாம் என்று நினைத்தேன். பிறகு திரும்ப வைத்துக்கொண்டேன்.

வாயை மூடினால் பல்லில் மணல் நறநறத்தது. நாக்கால் தள்ளிப் பார்த்தேன். துப்பிப் பார்த்தேன். கொஞ்சம் எங்கேயோ இருந்துகொண்டே இருந்தது. கண்ணிலும் விழுந்திருக்க வேண்டும், தண்ணீர் வந்தது. நிற்கவில்லை. கண்டக்டர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போனார்.

இதற்கு உப்பு போதாது. இறங்கியதும் கடையில் பல் தேய்க்கிற பேஸ்ட் ஒன்று வாங்க வேண்டும். என்ன பேஸ்ட் என்று தெளிவாகச் சொல்லிக் கேட்க வேண்டும்.